ஜிஸ்மிக்குக் குறைத்த இரண்டு வயது

பென்னியின் மகள் ஜிஸ்மியைச் சனிக்கிழமைதோறும் ரப்பர் ஷீட் நிறுக்கிற தராசில் ஏற்றி நிறுப்பார்கள். கானப்பாறைச் சந்திப்பில் ஷீட்டும் நல்லமிளகும் எடுக்கிற கடை ஒன்றுண்டு. பள்ளிக்கூட ஹாஸ்டலிலிருந்து மத்தியான பஸ்ஸில் வந்து இறங்கினதும், வீட்டுக்குக்கூடப் போகாமல், பையைக் கீழே வைத்துவிட்டு அவள் அந்த இரும்புப் பலகையில் ஏறி நிற்க வேண்டும். அப்பன் பென்னி பக்கத்தில் நின்று முள்ளைப் பார்ப்பான். முப்பத்தைந்து கிலோவைத் தாண்டினால் திங்கட்கிழமை காலை வரை சோறு கிடையாது. அது மாத்துக்குட்டி சாரின் கட்டளை. பள்ளிக்கூடத்தில் அவளுக்கு ஓட்டம் படிப்பிக்கிறவர் அவர்தான். மூவாயிரம் மீட்டரில் அவளை முந்த ஜில்லாவில் ஆளில்லை.

"பென்னிச்சா, சரக்கில ஈரம் இருக்கு" என்பான் கடைக்காரன். "ரெண்டு நாளு புகையில போட்டுக் கொண்டு வா."

கடையில் நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். பென்னியும் சிரிப்பான். அந்தப் பிள்ளையும் கூடச் சேர்ந்து சிரிக்கும். அதுதான் எனக்குப் பொறுக்காது. ஒரு நாள் கேட்டேவிட்டேன், உன் மகளை ஷீட்டோடு சேர்த்து உருட்டு மிஷினில் விட்டு எடுத்தால் இன்னும் சன்னமாக வருவாளே என்று. பென்னி ஒரு மாசம் என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகிறான், எனக்கென்ன.

எனக்குச் சொந்த ஊர் மார்த்தாண்டம். ரப்பர் பால் வெட்டத் தெரிந்த ஒருவனைக் கட்டிக்கொண்டு, எல்லை தாண்டி இந்த மலைக்கு வந்து இருபத்தேழு வருஷம் ஆகிறது. அவன் போய்ச் சேர்ந்துவிட்டான். நான் வெட்டுக்கத்தியோடு இங்கேயே நின்றுவிட்டேன். பெயர் ஞானசெல்வம், இங்குள்ளவர்களுக்குச் செல்வச்சேச்சி. ஜிஸ்மியின் அம்மை ரோசிலிக்கு முந்நூறு மரம், எனக்கு முந்நூறு மரம், நடுவில் இடுப்புயரத்துக்கு ஒரு கல் கையாலை. இரண்டு பேரும் விடியும் முன்னே வெட்டத் தொடங்கி, பத்து மணிக்குச் சிரட்டைகளில் நிறைந்த பாலை வாளியில் எடுத்துக்கொண்டு திரும்பும்போது அந்தக் கையாலையில் வாளியை வைத்து மூச்சு வாங்குவோம். எங்கள் பேச்சும் வழக்கும் எல்லாம் அங்கேதான் நடக்கும்.

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை. மத்தியானம் ஆனால் இடிவெட்டும் மழையும், அதனால் காலையிலேயே எல்லாருக்கும் அவசரம். ரோசிலி வாளியை வைத்தவள் எடுக்கவில்லை.

"சேச்சீ, ஜிஸ்மிக்கு மாசக்குளி நின்னிருக்கு."

"எத்தன மாசமா?"

"தெரியல்ல. போன வருஷ ஓணத்துக்கு வாங்கி வச்ச பேடு பாக்கெட்டு ரெண்டும் அலமாரியில அப்படியே இருக்கு, கரையான் ஏறி. பதினாலுல பெரியவளானா. மூணோ நாலோ தடவ வந்துது. பின்ன ஹாஸ்டல்ல வாங்கிக்கிடுதேன்னு சொன்னா. நானும் நம்பினேன்."

"அவகிட்டக் கேட்டியா?"

"இன்னைக்கு வரட்டு."

இந்த மலையில் குளி நின்றது என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். நானும் அதையேதான் நினைத்தேன், பொய் சொல்ல மாட்டேன். ஹாஸ்டலில் இருக்கிற பிள்ளை, ஊரூராய் ஓடப் போகிற பிள்ளை, யார் கண்டது. மத்தியானம் அடி விழுகிற சத்தம் கேட்டபோது நான் மரச்சீனிக் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தேன். கையில் மண்ணோடு ஓடினேன். ரோசிலி துடைப்பத்தின் கட்டைப் பக்கத்தைக் கையில் பிடித்திருந்தாள். பிள்ளை சுவரோடு ஒட்டி நின்றது, ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை.

"எவன்னு சொல்லுடீ."

"எவனும் இல்ல."

"பின்ன தானா நின்னுதா?"

"ஆமா, தானாத்தான் நின்னுது. நல்லா ஓடுறவளுக்கு அது வராது. மாத்துக்குட்டி சாருக்குத் தெரியும். அது வந்தா வேகம் குறையும்னு சாரே சொல்லியிருக்காரு. ஒனக்கு என்ன தெரியும், மரத்தச் சுத்தி வரத் தெரியும்."

நான் நடுவில் புகுந்து பிள்ளையின் கையைப் பிடித்தேன். ஐப்பசி வெக்கையில் அந்தக் கை குளிர்ந்து கிடந்தது. முழங்கைக்குக் கீழே பூனை மயிர் போலப் பொடிப்பொடியாக ரோமம் முளைத்திருந்தது. தலைமுடியோ சீப்பில் கொத்தாக வருகிறதென்று ரோசிலி முன்பே சொல்லியிருந்தாள். மூன்று வருஷமாக ஒரே நம்பர் ஷூ. ஒன்பதாம் கிளாஸ் பிள்ளைகளோடு சர்ச்சில் வரிசையாக நின்றால் எல்லாரையும்விட இவள் ஒரு சாண் குறைவு. தினமும் பார்க்கிற கண்ணுக்கு இதெல்லாம் தெரியாமல் போய்விடுகிறது. எவனும் இல்லை என்று அந்த நிமிஷம் எனக்கு உறைத்தது. ரோசிலிக்கு உறைக்க இரண்டு நாள் ஆயிற்று.

செவ்வாய்க்கிழமை, பிள்ளையை ஹாஸ்டலுக்கு அனுப்பாமல், மூன்று பேரும் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போனோம். சீட்டு எழுதுகிற இடத்தில் வயது கேட்டார்கள். ரோசிலி பதினாலு என்றாள். யோசிக்கவே இல்லை, பழக்கதோஷம்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். வயிற்றில் ஒன்றும் இல்லை என்று சோதித்துச் சொன்னாள். ரோசிலி மாதாவை இரண்டு தரம் கூப்பிட்டாள். பிறகு டாக்டர் சீட்டைப் பார்த்தாள்.

"பதினாலுதானே? பெரியவளாகி ரெண்டு வருஷம் வரைக்கும் அப்படியும் இப்படியுமாத்தான் வரும். ஒல்லியா இருக்கா, உயரமும் கம்மிதான், ஆனா இந்த வயசுல சிலது மெதுவாத்தான் வளரும். நல்லா சாப்பிடக் குடுங்க. பதினாறு ஆயும் சரியாகல்லன்னா கொண்டு வாங்க, பாப்போம்."

சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது, சீட்டில் இருந்ததைத்தான் அவள் பார்த்தாள். நான் வெளியே வந்ததும் ரோசிலியை மரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போனேன்.

"பதினாறு ஆயும்னா சொன்னா? இவளுக்குப் பதினாறு முடிஞ்சு மாசம் நாலு ஆச்சே."

"சேச்சி, வாய மூடு. ஆளு நிக்குது."

"டாக்டர்கிட்டயாடீ பொய் சொல்லுவாங்க?"

"பேப்பர்ல அப்படித்தானே இருக்கு. நான் என்ன செய்ய?"

பேப்பரில் அப்படி இருந்த கதை எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளை பிறந்தது ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், ஜீப்பில், சர்ச்சுப் பெருநாளுக்குக் கொடி ஏறின அன்று. முதலில் வெளியே வந்த தலையைத் தாங்கினது இந்தக் கைதான். பென்னி பிறப்பை உடனே பதியவில்லை. பென்னிக்குப் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஓட்டத்தில் பெரிய ஆசை. பதினாலு வயதுக்காரர்களுக்கான பந்தயத்தில் மீசை வைத்த ஒருவன் வந்து இவனைத் தோற்கடித்துவிட்டுப் போனானாம். அதைச் சொல்லும்போது இன்றைக்கும் அவன் குரல் மாறும். பிள்ளை நடக்கத் தொடங்கினதிலிருந்தே ஓட்டம்தான், பிடித்து நிறுத்த முடியாது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, ஏழு வயதில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது ஐந்து என்று எழுதி வைத்தான். மீசைக்காரன் தனக்குச் செய்ததை இவன் மகளை வைத்து ஊருக்குச் செய்தான்.

கார்த்திகையில் ஒரு கடிதம் வந்தது. மாநிலப் பந்தயத்துக்குப் போகிற பிள்ளைகள் எல்லாரும் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்துக் காட்ட வேண்டும், எலும்பைப் பார்த்து வயதைக் கண்டுபிடிப்பார்களாம். வயதைக் குறைத்தவர்கள் மாட்டுவதற்கான வழி அது. பென்னி மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஷீட் அடிக்கிற மிஷினின் பிடியைச் சுற்றிக்கொண்டே நிற்பான், ஷீட் போனது கூடத் தெரியாது. எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்புக்கு வயது பதிமூன்றரை என்று வந்தது.

அன்று சாயங்காலம் பென்னி இரண்டு கிலோ மாட்டிறைச்சி வாங்கிக்கொண்டு வந்தான். மாத்துக்குட்டி சாரும் கூட வந்தார். முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். ரோசிலி தேங்காய்க் கொத்துப் போட்டு வறுத்தாள், எனக்கும் ஆள் அனுப்பினார்கள். ஜிஸ்மி வாசல்படியில் உட்கார்ந்து ஒரு துண்டு வெள்ளரிக்காயைக் கடித்துக்கொண்டிருந்தாள். இறைச்சி அவளுக்கு இல்லை.

"கர்த்தரு நம்ம பக்கம், சாரே" என்றான் பென்னி. "எலும்பே சொல்லிப் போட்டுது. இனி எவன் கேப்பான்?"

"நான் சொன்னனே, பயப்படாதன்னு" என்றார் சார். "எனக்கக் கையில வளந்த பிள்ள. பழக்கம் அப்படி."

ரோசிலி அடுப்படியிலிருந்து அந்தக் கறுத்த எக்ஸ்ரே படத்தைக் கையில் பிடித்தபடி வந்தாள். விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள்.

"இது இவளுக்கக் கையா?"

"பின்ன எனக்கக் கையா?" என்றான் பென்னி.

"பதினாறு வயசுக்காரிக்கு எலும்பு எதுக்கு பதிமூணுல நிக்குது?"

 பென்னி இறைச்சியை மென்றான்.

"குளி நிக்குது, முடி கொட்டுது, உயரம் நிக்குது, இப்போ எலும்பும் நிக்குது. நீங்க விருந்து வைக்கியீங்க."

"எடீ, உள்ள போ."

"போக மாட்டேன். சாரே, நீங்க படிச்ச ஆளு. நீங்க சொல்லுங்க."

சார் கையைத் துடைத்துக்கொண்டார். "ரோசிலி, இதெல்லாம் ஓடுற பிள்ளைகளுக்கு உள்ளதுதான். ஓட்டத்த விட்டா எல்லாம் தானா வரும். இன்னும் ஒரு மூணு வருஷம். மெடல் வாங்கினா வேலை தானா வந்து சேரும். நீ இப்பக் கெடந்து சாடாத."

"மூணு வருஷம் கழிச்சு வரல்லன்னா?"

"வரும்."

"வரல்லன்னா சாருக்க வீட்டுல வச்சுப் பாப்பீங்களா?"

நான் அதுவரை வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். அதற்கு மேல் முடியவில்லை. "சாருக்கும் ஒரு மக உண்டே" என்றேன். "ஆறடி வளந்து நிக்கா. அவளுக்கு ஏன் வெள்ளரிக்கா குடுக்கல்ல?"

"செல்வச்சேச்சி, நீ பாண்டிக்காரி, ஒனக்கு இங்க பேச்சில்ல" என்றான் பென்னி. இருபத்தேழு வருஷத்துக்குப் பிறகும் நான் எல்லைக்கு அப்புறத்துக்காரி.

அப்போது ஜிஸ்மி எழுந்தாள். எங்களைப் பார்க்கவில்லை, அவள் அம்மையை மட்டும் பார்த்தாள். "ஒனக்குப் பொறாமை" என்றாள். "நீ ஒண்ணும் ஆகல்ல, அதான். என்னையும் கத்தியும் வாளியுமா மலையில ஏத்தணும் ஒனக்கு. நான் செத்தாலும் ஓடுவேன்." சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். ரோசிலி படத்தை உறையில் போட்டாள். தான் வறுத்த இறைச்சியை அன்று அவள் தொடவில்லை.

திங்கட்கிழமை பிள்ளையை ஹாஸ்டலுக்கு அனுப்புகிறேன் என்று பென்னியிடம் சொல்லிவிட்டு, ரோசிலி அவளைப் பஸ்ஸிலிருந்து ஆஸ்பத்திரி வாசலில் இறக்கினாள். என்னையும் வரச் சொல்லியிருந்தாள். என் வெட்டு ஒரு நாள் போயிற்று, போகட்டும். ஜிஸ்மி வர மாட்டேன் என்று ரோட்டில் நின்றாள். ரோசிலி அவள் பையைப் பிடுங்கித் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தாள். ஓட்டக்காரியின் ஷூ அந்தப் பையில் இருந்தது, பின்னால் வராமல் என்ன செய்வாள்.

அதே டாக்டர்தான். ரோசிலி உட்காரவில்லை. படத்தை மேஜையில் வைத்தாள்.

"டாக்டரே, இவளுக்குப் பதினாலு இல்ல. அன்னைக்கு நான் பொய் சொன்னேன்."

"அவ சொல்லுறதுதான் பொய்" என்றாள் ஜிஸ்மி. "எனக்குப் பதினாலு. பள்ளிக்கூடத்துல பாருங்க."

டாக்டர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "பெத்தவங்களுக்குத் தெரியாதாம்மா?"

"அவளுக்கு நான் ஓடுறது பிடிக்கல்ல."

"பதினாறு முடிஞ்சு அஞ்சு மாசம்" என்றாள் ரோசிலி. "சேச்சீ, நீ சொல்லு."

நான் சொன்னேன். ஜீப், கொடியேற்றம், எல்லாம் சொன்னேன். ஜிஸ்மி என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள். என்ன தின்கிறாள், எவ்வளவு ஓடுகிறாள், காலில் வலி உண்டா என்றெல்லாம் கேட்டாள். ஜிஸ்மி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முட்டையின் வெள்ளை நாலு, ஒரு சப்பாத்தி, வெள்ளரிக்காய், காலையில் பன்னிரண்டு கிலோமீட்டர், சாயங்காலம் எட்டு என்று ரோசிலி சொன்னாள். வலது முழங்காலுக்குக் கீழே ஒரு இடத்தை டாக்டர் விரலால் அமர்த்தினபோது பிள்ளை துள்ளிப் போயிற்று.

"தின்னுறது ஓடுறதுக்கே போதல்ல" என்றாள் டாக்டர். "அதனால உடம்பு மத்த வேலையெல்லாம் நிறுத்தி வச்சிருக்கு. மாசக்குளி நின்னது அதுல ஒண்ணு, வளர்த்தி நின்னது அடுத்தது. எலும்புக்கும் பலமில்ல. இந்தக் கால்ல இப்பவே கீறல் விழுந்திருக்கலாம். வேற நோய் இல்லன்னு ரத்தம் பாத்துக்கணும். ஆனா முதல்ல ஓட்டம் நிக்கணும், சோறு தின்னணும். இன்னும் ரெண்டு வருஷம் விட்டா இந்த எலும்பு மூடிரும், பின்ன நீங்க என்ன குடுத்தாலும் வளராது."

பிறகு பேனாவை எடுத்தாள். "வயச மாத்தி எழுதணும். எழுதினா நான் பின்ன அழிக்க மாட்டேன். பள்ளிக்கூடத்துக்கும் இந்தக் கடுதாசிதான் போகும். யோசிச்சுச் சொல்லுங்க."

ரோசிலி மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு எல்லாம் தெரியும். ஹாஸ்டல் போகும், வாங்கின மெடல் எல்லாம் பிடுங்கப்படும், புருஷனை ஊர் காறித் துப்பும்.

"எழுதுங்க" என்றாள்.

ஜிஸ்மி அவள் கன்னத்தில் அறைந்தாள். சொந்த மகள், ஆஸ்பத்திரியில், ஆள் பார்க்க. ரோசிலி கன்னத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. பதினாறு என்று டாக்டர் எழுதி முடிக்கிற வரை அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதற்குப் பிறகு நடந்ததை நீட்டிச் சொல்ல எனக்கு மனசில்லை. மாத்துக்குட்டி சார் தனக்கு ஒன்றும் தெரியாது, அப்பன் கொடுத்த பேப்பரைத்தான் நம்பியதாகப் பள்ளிக்கூடத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுக் கைகழுவினார். அடுத்த வாரமே புதிதாக ஒரு பிள்ளையைப் பிடித்தார். ஜிஸ்மி பெட்டியும் படுக்கையுமாக வீடு வந்தாள். கடைக்காரன் இப்போது ரோசிலி கொண்டுபோகிற ஷீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இதுக்கு வயசு என்ன, ஒள்ளத மட்டும் சொல்லு" என்று கேட்டான். சர்ச்சில் பெண்கள் அவள் உட்கார்ந்த பெஞ்சில் உட்காரவில்லை. சொந்த மகளின் கஞ்சியில் மண்ணைப் போட்டவள் என்று பேர் வந்தது. பென்னி ஒரே வீட்டில் தனி அடுப்பு மூட்டினான். அவன் அடித்திருந்தால்கூட எனக்குப் புரிந்திருக்கும். அவன் அடிக்கவில்லை, அவள் நடந்த இடத்தில் நடக்காமல் சுற்றிப் போனான்.

ஜிஸ்மி அம்மை சமைத்ததைத் தொட மாட்டாள். இரண்டு நாள் பட்டினி கிடந்துவிட்டு மூன்றாம் நாள் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். என்மேல் மட்டும் கோபம் இல்லையா என்று கேட்டேன். "ஒங்கமேலயும் உண்டு" என்றாள், "ஆனா பசிக்குது." அந்தப் பிள்ளைக்குப் பசி வந்ததே எனக்குப் போதும். மரச்சீனி அவித்து, மத்தி மீன் குழம்பு வைத்துக் கொடுத்தேன். முதலில் விரல் நுனியால் கிள்ளிக் கிள்ளித் தின்றாள். ஒரு வாய் தின்பாள், எழுந்துபோய் முற்றத்தில் நடப்பாள், திரும்ப வருவாள். தின்றதை வாந்தி எடுத்த நாளும் உண்டு. நான் திட்டுவேன், அவளும் திட்டுவாள். கிறிஸ்துமஸ் போயிற்று, தவக்கால நோம்பு வந்தது. மாசம் ஒரு தரம் ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். ரோசிலி கையாலைக்கு அந்தப் பக்கம் நின்று, "என்ன தின்னா?" என்று மட்டும் கேட்பாள். நான் சொல்வேன். அவள் வாளியை எடுத்துக்கொண்டு போவாள்.

பங்குனியில் இலையெல்லாம் உதிர்ந்து தளிர் விட்டிருந்தது, வெட்டு நிறுத்தியிருந்தோம். ஒரு காலையில் ஜிஸ்மி என் அடுப்படிக்கு வந்து சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஆன்ட்டி, துணி வேணும்."

"என்ன துணி?" என்று கேட்டுவிட்டு, பிறகுதான் விளங்கி, கையிலிருந்த அகப்பையைக் கீழே போட்டேன். கிட்டப் போனேன். தொட விடவில்லை.

"அவகிட்டச் சொல்லண்டாம். சொன்னா நான் இனி இங்க வர மாட்டேன்."

சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். அவள் குளிக்கப் போனதும் பின்வாசல் வழியாக ஓடினேன். சத்தியமாவது ஒன்றாவது.

ரோசிலி விறகு கீறிக்கொண்டிருந்தாள். சொன்னேன். அவள் கோடாலியைப் போட்டுவிட்டு அப்படியே கீழே உட்கார்ந்தாள். வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு அழுதாள், சத்தம் வந்தால் என் வீட்டுக் குளிப்புரைக்குக் கேட்கும் என்று. அரைநாழிகை அழுதிருப்பாள். பிறகு முகத்தைக் கழுவினாள். வெந்தயத்தை அரிசியோடு வேகவைத்து, தேங்காய்ப்பால் பிழிந்து, கருப்பட்டியும் சீரகமும் போட்டுக் கஞ்சி காய்ச்சினாள். தூக்குவாளியில் ஊற்றி என் கையில் தந்தாள்.

"நீ காச்சினேன்னு சொல்லு, சேச்சி. வயிறு வலிக்கும், சூடா குடிக்கச் சொல்லு."

ஜிஸ்மி ஒரு கரண்டி வாயில் வைத்தாள். நிறுத்தினாள். தூக்குவாளியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் அடுப்பை ஊதினேன், எரிகிற அடுப்பை. அவள் குனிந்துகொண்டு குடித்தாள். அடியில் ஒட்டினதை விரலால் வழித்து நக்கினாள். பிறகு தண்ணீர் மொண்டு தூக்குவாளியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

"அவ கேட்டா" என்றாள், வாசலைத் தாண்டும்போது, "கீழ கொட்டிட்டேன்னு சொல்லுங்க."

நான் வாளியைக் கொண்டுபோய் ரோசிலியிடம் கொடுத்தேன். அவள் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தாள்.

"கொட்டிட்டாளாம்" என்றேன்.

"செரி" என்றாள் ரோசிலி. உள்ளே போய், நாளைக்குக் காய்ச்ச வெந்தயத்தைத் தண்ணீரில் போட்டாள். "நாளைக்கும் கொட்டட்டு."